ஆள்தான் போகணும்

அஞ்சாவதோடு நின்றவன் நான். ஆனால் என் தண்ணீர் கேன் இல்லாமல் ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் தாகம் தீராது. கேன் ஆர்டர் எடுக்க ஒரு ஆப் வேண்டும் என்று நான் வாயால் சொன்ன திட்டத்தை, அந்த ஆப்பைச் செய்யும் ஏஐக்கு விதிகளாக எழுதித்தர சிறுசேரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை. எழுதிய ஒவ்வொரு விதியையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பாள்.

"தனியா இருக்கற பெரியவங்க வழக்கமான நாள்ல கேன் கேக்கலன்னா, நம்ம ஆள் போய் கதவைத் தட்டணும்" என்றேன்.

அவள் எழுதிக் கொடுத்ததும் ஏஐ அதை 'நினைவூட்டல் மெசேஜ்' என்று மாற்றிவிட்டது.

"வுடும்மா, அதுக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுன்னுதான் சார் எழுதறோம். கீழ விழுந்து கிடந்தா மெசேஜை எப்படிப் பார்ப்பாங்க?"

திருத்தி எழுதினாள்: 'மெசேஜ் போதாது. ஆள்தான் போகணும்.'

கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தாள். இந்த முறை கண்ணைத் திறக்க நேரமானது. யாரை நினைத்துக்கொண்டாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.