கம்பெனி குடுத்த க்ரீம்

வெயில் காலத்துல தோலை எப்படிப் பாத்துக்கணும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். நிறைய தண்ணி குடி, குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் தடவு, பருத்தித் துணி போடு. எல்லாம் மனப்பாடம். ஒரகடத்துல நான் வேலை பார்க்கற கம்பெனியிலேயே ஒரு மே மாசம் தோல் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்து, கேன்டீன்ல எங்களை உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க. நாங்களும் தலையை ஆட்டிகினு கேட்டோம்.

அப்போ எனக்கு கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷாப்ல வேலை. பெயிண்ட் போறதுக்கு முன்னாடி பம்பர் மேல ஒரு தூசி, ஒரு விரல் ரேகை இருக்கக் கூடாது. ஷிப்டு முழுக்க ஸ்பிரிட்ல நனைச்ச துணியால துடைச்சுகினே இருக்கணும். அந்த ஸ்பிரிட்டு பம்பரோட நிக்குமா? கையுறை ஓட்டையான அன்னிக்கு நம்ம தோலையும் சேத்து உறிஞ்சிடும். தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை டிரஸ் வேற. பாத்ரூம் போகணும்னா அதை மொத்தமா கழட்டணும், நம்ம இடத்துல நிக்க வேற ஆள் வேணும். ஆள் ஏது? அதனால தண்ணியே குடிக்க மாட்டோம். வாடகை ரூமுக்கு வந்தா போர் தண்ணி. குளிச்சா உடம்பெல்லாம் உப்பு பூத்து நிக்கும்.

இதுக்கெல்லாம் மேல, பெயிண்ட் ஷாப் ஆளுங்க எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் தடவக் கூடாது. லீவு நாள்லயும் கூடாது. கொஞ்சூண்டு பிசுக்கு பட்டாலும் அந்த இடத்துல பெயிண்ட் ஒட்டாம குழி குழியா விலகிடும்.

டாக்டரம்மா பேசி முடிச்சதும் ஆளுக்கு ஒரு க்ரீம் ட்யூப் குடுத்து போட்டோ எடுத்தாங்க. ஷாப் கதவாண்ட வந்தா எங்க சூப்பர்வைசர் அட்டைப் பெட்டியோட நிக்கறாரு, எங்க ட்யூபை மட்டும் திருப்பி வாங்கிக்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாருன்னு சும்மாவா சொன்னாங்க. எனக்கு வந்த கோவத்துல என் ட்யூபை சாப்பாட்டு டப்பாவுக்குள்ள போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

என்கூட ரூம்ல இருந்தவ தூத்துக்குடி பக்கத்துப் பொண்ணு. என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. அதே லைன்ல எனக்குப் பக்கத்துல நிக்கறவ. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம இருக்க மாட்டா, பொய் சொல்லத் தெரியாது. அவ ட்யூபை ஒழுங்கா பெட்டியில போட்டுட்டா. அந்த மாசம் அவ கை பாளம் பாளமா வெடிச்சு ரத்தம் கசிஞ்சுது. சோறு பிசைஞ்சா எரியுதுன்னு ஸ்பூன்ல சாப்பிட்டா. ரெண்டு பேரும் இன்னும் ட்ரெயினியாத்தான் இருந்தோம். அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் வரணும். அவ வூட்ல தங்கச்சிங்க படிப்பு அவ வேலையை நம்பித்தான் இருந்துது.

ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இருந்து வந்தவளைப் பிடிச்சு உக்கார வச்சேன். "வேண்டாம்க்கா, நாளைக்கு வேலைக்குப் போணும்லா"ன்னு கையை இழுத்துக்கினா. நான்தான், சோப்பு போட்டா போயிடும், சும்மா கிடன்னு அதட்டி ரெண்டு கையிலயும் தடவி விட்டேன். மிச்சத்தை என் கையில தேச்சுக்கினேன்.

திங்கக்கிழமை காலையில முதல்ல வெளிய வந்த அஞ்சாறு பம்பர்ல குழி. சூப்பர்வைசர் எங்களை வரிசையா நிக்க வச்சு யாரு என்ன தடவினீங்கன்னு கேட்டாரு. எல்லாரும் தரையைப் பார்த்தோம். அவ கையைத் தூக்கினா.

"நேத்து க்ரீம் போட்டேன் சார்."

யாரு குடுத்ததுன்னு கேட்டதுக்கு, தன்னோடதுதான், ஒளிச்சு வச்சிருந்தேன்னு சொல்லிட்டா. அவ சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது, அதுவும் எனக்காக. கையுறைக்குள்ள என் கை வழவழன்னு இருந்துது. கம்பெனியே தடவச் சொல்லிக் குடுத்த க்ரீமுக்காக மதியத்துக்குள்ள அவளை கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க.

நான் ரூமுக்கு வந்தப்போ பெட்டி கட்டிகினு இருந்தா. ஏன்க்கா பேசலன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டாவது மனசு ஆறியிருக்கும்.

செவ்வாக்கிழமையும் குழி வந்துது. புதன்கிழமையும் வந்துது. வியாழக்கிழமை மெயின்டெனன்ஸ் ஆளுங்க பிரிச்சுப் பார்த்தா, பெயிண்டைப் பீச்சுற காத்துக் குழாய்ல கம்ப்ரஸர் எண்ணெய் கசிஞ்சு கலந்திருக்கு. ஃபில்டரை மாத்தினாங்க, குழி நின்னுபோச்சு. அவளைத் திரும்பக் கூப்பிடணும்னு ஒரு வாயிலயும் வரல. என் வாயிலயும்தான். திறந்தா ட்யூப் யாரோடதுன்னு கேப்பாங்க, அப்புறம் லிஸ்ட்ல நான் இருக்க மாட்டேன்.

சனிக்கிழமை ஊர்ல இருந்து அவளே போன் பண்ணினா. கை ஆறிட்டு வருதுன்னா. அம்மா தெனம் எண்ணெய் தடவி விடுறாங்கன்னா. அப்புறம், "குழி நின்னுட்டாக்கா?"ன்னு கேட்டா.

"நின்னுடுச்சு."

"அப்போ என்னாலதாங்க்கா."

இல்லடின்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்னா கேடு எனக்கு? உடம்பைப் பாத்துக்கோன்னு சொல்லி போனை வச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ பண்ணல, நானும் பண்ணல.

லிஸ்ட்ல என் பேரு வந்துது. இப்போ ஸ்டோர்ஸ்ல இருக்கேன். வேணுங்கற அளவு தண்ணி குடிக்கலாம், எதை வேணா தடவிக்கலாம். இந்த வெயிலுக்கும் கேன்டீன்ல ட்யூப் குடுத்தாங்க. வாங்கிட்டு வந்து தினம் குளிச்ச ஈரத்தோட தடவிக்கறேன். கை நல்லா மெத்துன்னு கீது. அந்தக் குழி தன் கையால வந்ததுன்னு அவ இன்னும் நம்பிகினு இருப்பா.