ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்

இது ஜெமிமாவுக்கு உண்மையாகவே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பென்னாகரத்திலிருந்து காட்டுப் பக்கம் போனால், ஓர் ஓடையைத் தாண்டி இருக்கிற சின்ன ஊர். அவ்வளவு போதும்.

ஜெமிமா மார்த்தாண்டத்துப் பெண். நர்சிங் படித்துவிட்டு கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்தவள். ஓடைக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம். ஊர்க்காரர்கள் தரைப்பாலத்தைத் தாண்டித்தான் அங்கே வரவேண்டும். அதை ஒட்டினாற்போல ஓர் அறை, அதில்தான் அவள் குடியிருந்தாள். வந்த புதிதில் ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கன்னடம் கலந்த அவர்கள் பேச்சு அவளுக்குப் பிடிபடவில்லை, அவள் பேச்சு அவர்களுக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் பாய்களுக்கு முன்னால் நின்று தனியாகப் பாடி முடித்து, அறைக்குப் போய் அழுதிருக்கிறாள்.

ஒருநாள் ஊரில் சின்னம்மாள் என்பவளின் பேத்திக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. பிள்ளையை ஸ்கூட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஜெமிமாதான். பிள்ளை பிழைத்தது. அதற்கப்புறம் சின்னம்மாள் ஜெபக் கூட்டத்துக்கு வந்தாள். பிறகு அவள் பக்கத்து வீட்டுச் சென்றாயன் வந்தான். பிறகு குடியை விட்ட நஞ்சப்பனும் அவன் மனைவி குள்ளம்மாளும். மெல்ல மெல்லக் கூடம் நிறைந்தது. பாதிப் பேருக்கு வாசிக்க வராது. அதனால் ஜெமிமா ஒரு வரி பாடுவாள், அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். சின்னம்மாள் மூக்கால் பாடுவாள். குள்ளம்மாளுக்கு மட்டும் கணீரென்ற குரல். நஞ்சப்பனுக்கு ராகமே கிடையாது, சத்தம்தான். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், இந்தக் காட்டுக்கு வந்ததே இதற்குத்தான் என்று ஜெமிமா நினைத்துக்கொள்வாள்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சாயங்காலக் கூட்டம் தொடங்கும் ஆறு மணிக்கே கூடம் இருட்டிவிட்டது. இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் ஜெமிமா மெழுகுவத்தியைப் பற்றவைத்தாள். காற்றுக்குக் கையால் மறைத்து, மேஜையில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை மழையிலும் வந்துவிட்டார்களே! வெளிச்சம் பின்வரிசை வரைக்கும் எட்டவில்லை. பெண்கள் முந்தானையை முக்காடாகப் போட்டுத் தலைகுனிந்திருந்தார்கள்.

"நனைஞ்சிட்டீங்களா எல்லாரும்?" என்றாள்.

யாரும் தலை நிமிரவில்லை. களைத்துப்போய் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அவர்களும் திருப்பிப் பாடினார்கள். சின்னம்மாளின் மூக்குக் குரல். குள்ளம்மாளின் கணீர்க் குரல். எல்லாம் வழக்கம்போலத்தான்.

ஆனால்... தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவளுக்குத் தன் குரலே சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் குரல் மட்டும் காதோரம் பாடுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

வாசலைப் பார்த்தாள். ஒரு செருப்புகூட இல்லை.

தரையைப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அடுத்த பாட்டு புதியது. அவர்களுக்கு இன்னும் சொல்லிக் கொடுக்காதது. முதல் வரியைப் பாடினாள். திருப்பிப் பாடினார்கள். இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர்களே அந்த வரியைப் பாடிவிட்டார்கள்.

ஜெமிமா பாடுவதை நிறுத்தினாள். அவர்கள் நிறுத்தவில்லை.

மூன்றாவது வரி... நான்காவது வரி...

"சின்னம்மாக்கா..." என்றாள்.

சட்டென்று பாட்டு நின்றது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இருங்க சிஸ்டர். இன்னும் ஒருத்தரு வரோணும்."

சளக்... சளக்...

வெளியே யாரோ நடந்து வரும் சத்தம். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பின.

நஞ்சப்பன் வந்தான். அவன் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். நேராக வந்து அவள் காலடியில் மண்டியிட்டான்.

"எல்லாரும் வந்தாச்சுங்க. செபம் பண்ணுங்க" என்றது அந்தக் குரல்.

ஓடிப்போக வேண்டும் போலிருந்தது. கால் நகரவில்லை. பழக்கத்தில் கை தானாக நீண்டு நஞ்சப்பன் தலையில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. முடிக்குள் ஆற்றுமணல் நறநறத்தது.

"குளிருதாண்ணே?"

"இப்ப ஒண்ணும் தெரியலீங்க சிஸ்டர்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்கு ஞாபகமில்லை. "ஆமென்" என்றாள்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

வெறும் பாய்கள்.

காலடியில் மட்டும்... ஈரம்.

விடிந்து, வெள்ளம் வடிந்த பிறகு சென்றாயன் வந்து கதவைத் தட்டினான். அழுதழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"நஞ்சப்பன் போயிட்டான் சிஸ்டர். கூட்டத்துக்கு வரோணும்னு தரைப்பாலத்துல எறங்குனான். தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. இப்பத்தான் தடுப்பணையில கெடைச்சான்."

"மத்தவங்க எல்லாம் எப்படித் திரும்பிப் போனீங்க?"

சென்றாயன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நாங்க எங்க வந்தோம்? அந்தப் பக்கமே நின்னுட்டமே."

அடக்கம் முடிந்தது. தான் பார்த்ததை ஜெமிமா யாரிடமும் சொல்லவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று இரண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரை போனாள். குள்ளம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டாள். ஆனால் அந்தக் கூடத்தைப் பூட்டிவிட்டாள். இப்போது கூட்டம் ஊருக்குள்ளேயே, சென்றாயன் வீட்டு முற்றத்தில் நடக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுகிறார்கள்.

குள்ளம்மாள் தவறாமல் வருகிறாள். ஆனால் பாட்டுத் தொடங்கினால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு வரிகூடப் பாடுவதில்லை.

துக்கம் ஆறவில்லை போலிருக்கிறது என்று சென்றாயனிடம் சொன்னாள் ஜெமிமா. அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"துக்கமில்லீங்க சிஸ்டர், பயம். அன்னிக்கி உங்க கூடத்துலருந்து பாட்டு கேட்டுச்சு. அத்தனை மழையிலயும் தெளிவாக் கேட்டுச்சு. பாடுனது எங்க கொரலுதான். குள்ளம்மா கொரலு தனியாக் கேட்டுச்சு. 'எம் பொண்டாட்டி எனக்கு முன்னாடி கூடத்துக்குப் போயிட்டா'ன்னு சொல்லிட்டுத்தான் நஞ்சப்பன் தண்ணியில எறங்குனான்."

சென்றாயன் குரலைத் தாழ்த்தினான்.

"அப்ப குள்ளம்மா எங்ககூடக் கரையில நின்னு, போகாதேன்னு அவன் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாங்க."