இடைவேளையில் எழுந்து போனவர்கள்

திரையரங்கில் அவளுக்குக் கதவுக்காரி என்று பெயர். கதவைத் திறப்பதும் மூடுவதும் அவள் வேலை இல்லை. படம் முடிந்து சனம் வெளியே வரும் வழியில் ஒரு டேப்லெட்டை ஏந்திக்கொண்டு நின்று, "படம் எப்படிங்க இருந்துச்சி?" என்று கேட்க வேண்டும். சொல்வதைத் தொட்டுப் பதிய வேண்டும். பட நிறுவனங்களுக்காகக் கருத்துத் திரட்டும் கம்பெனி ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாக அவளை அந்தக் கதவோரத்திலேயே நட்டு வைத்திருக்கிறது. அதற்கு முன் வீடு வீடாக ஏறி இறங்கிச் சோப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோப்பைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை, சினிமாவைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்பது அவள் அனுபவம்.

பேய் பிசாசில் அவளுக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. பூட்டிய அறையில் சத்தம் கேட்டால் எலி என்பாள். எலி இல்லையென்றால் திருடன் என்பாள். ஆனால் பேய்க்கதை கையில் கிடைத்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். "அது என்னடி, நம்பாத பேய்மேல இவ்ளோ ஆசை?" என்று அக்கா கேலி செய்வாள்.

"செத்தவங்க திரும்பி வர மாட்டாங்கக்கா. அந்தத் தைரியத்துலதான் கொன்னவன் குறட்டை விட்டுத் தூங்குறான். கதையிலயாவது வந்து எழுப்பட்டும்."

அக்காவுக்கு இது விளையாட்டுப் பேச்சு அல்ல. அவள் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தவள். பெண்கள் இடையில் எழுந்து வெளியே போகக் கூடாது என்று மூன்றாம் மாடி ஷட்டரை வெளியிலிருந்து பூட்டி வைப்பது அங்கே வழக்கம். ஒரு பகல் வேளையில் துணிக்கட்டுகளில் தீப்பிடித்தது. பதினொரு பெண்கள் அந்த ஷட்டரின் பின்னால் செத்தார்கள். அக்கா மட்டும் கழிப்பறை ஜன்னல் வழியே குதித்து இடுப்பை உடைத்துக்கொண்டு பிழைத்தாள். அவள் மருத்துவமனையில் மல்லாந்து கிடந்த நாட்களிலேயே விசாரணை நடந்து முடிந்துவிட்டது. சாட்சி சொன்னவர்கள் எல்லாம் கீழ்த் தளத்துக்காரர்கள். படி வழியாக நடந்து வெளியே வந்தவர்கள். பூட்டு எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் தளத்தில் பூட்டு இல்லை. மின்கசிவு என்று எழுதிக் கோப்பைக் கட்டிவிட்டார்கள்.

பல வருடம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியை தேடி வந்து, மூன்று வாரம் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டுப்போய் ஒரு நாவல் எழுதினார். அதில் பேய்கள் யாரையும் கடிப்பதில்லை, கழுத்தை நெரிப்பதில்லை. முதலாளி வீட்டு வாசலில் பகல் நேரத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். பதினொரு பெயர்களையும் அவன் வாயால் சொல்லும்வரை சத்தம் நிற்காது. அவனுக்கோ ஒரு பெயர்கூடத் தெரியாது. அதுதான் அந்தக் கதையின் பயங்கரம். அக்கா அந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்திருந்தாள்.

அந்த நாவல் படமாகிறது என்ற செய்தி வந்ததும் வீடே அமர்க்களப்பட்டது. முதல் நாள் காலைக் காட்சிக்குக் கதவுக்காரி பாஸ் வாங்கிக் கொடுத்தாள். அக்கா இருக்கும் சேலைகளில் நல்லதைக் கட்டிக்கொண்டு, ஊன்றுகோலைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இத்தனை வருசம் யாரும் கேக்கல. இன்னைக்கு முந்நூறு பேர் ஒண்ணா உக்காந்து கேக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இடைவேளையில் கதவுக்காரி வழக்கம்போல் கேன்டீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாசல் படியில் அக்கா உட்கார்ந்திருப்பதைக் கண்டு அருகே போனாள்.

"என்னக்கா, இடுப்பு வலியா?"

"கதவு திறந்துதான் இருந்துச்சாம்டி."

"என்னது?"

"ஷட்டர் திறந்தே இருந்துச்சாம். எவளோ ஒருத்தி காதலன்கூடப் பேசிக்கிட்டு மெழுகுவத்தியத் தட்டி விட்டாளாம். நாங்கெல்லாம் ஓடத் தெரியாம நின்னு செத்தோமாம். முதலாளி தீக்குள்ள பாஞ்சி காப்பாத்தப் போறான். அவன்தான் கதாநாயகன். செத்தவ செவப்புச் சேலையில வந்து அவன் குழந்தையக் கொல்லப் பாக்குறா. இனிமே மந்திரவாதி வருவான் போல. நான் பாக்கல."

கதவுக்காரி டேப்லெட்டை எடுத்தாள். "நீ சொல்லுக்கா. நான் பதியறேன். இது போய்ச் சேரட்டும்."

முதல் கேள்வி: முழுப் படமும் பார்த்தீர்களா? 'இல்லை' என்பதைத் தொட்டாள். "தங்கள் நேரத்துக்கு நன்றி" என்று எழுத்து வந்து திரை வெள்ளையானது.

"ஆமான்னு போட்டுடவா?"

"பாக்காதத எதுக்குப் பாத்தேன்னு சொல்லணும்? அவனுங்க சொன்ன பொய் போதாதா?" அக்கா ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

படம் முடிந்து வந்தவர்களிடம் கதவுக்காரி கேட்டாள்.

"எரிஞ்சு செத்த பேயாம். உதட்டுச்சாயம் கலையவே இல்லீங்க!"

"மந்திரவாதி வந்ததும் தூங்கிட்டேன். பேய் கத்தி எழுப்பி விட்டுடுச்சி. அதுலதான் எனக்குக் கோவம்."

"ஏசி நல்லாருந்துச்சிம்மா. அத எழுதிக்க."

கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண், "புத்தகம் படிச்சிருக்கேன். காறித் துப்பணும்னா இதுல எங்கங்க தொடணும்?" என்று கேட்டாள்.

தொடுவதற்கு நான்கு இடங்கள் இருந்தன. சுமார், நன்று, மிக நன்று, அற்புதம். கதவுக்காரி 'சுமார்' என்பதைக் காட்டினாள்.

அடுத்த காட்சி தொடங்குவதற்கு முன் அந்தப் படியில் தனியாக உட்கார்ந்து யோசித்தாள். படத்தின்மேல் வந்த அருவருப்பு மெல்ல இடம் மாறி அவள்மேலேயே வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள். எத்தனை படங்களில் எத்தனை பேர் இந்தப் படியில் இறங்கித் தெருவைப் பார்த்துப் போயிருப்பார்கள்! தேநீர் கிளாசைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்து, 'பொறுமை இல்லாத சனம்' என்று நினைத்தவள் அவள்தான். கடைசிவரை தாங்கியவர்களை மட்டும் நிறுத்திக் கேட்டுவிட்டு, மக்கள் கருத்து என்று கொடுத்தவளும் அவள்தான். கீழ்த் தளத்துக்காரர்களை மட்டும் கேட்டுக் கோப்பைக் கட்டிய அதிகாரியை இத்தனை காலமும் வாய் நிறையத் திட்டியிருக்கிறாள். அவன் செய்ததைத்தானே மாதச் சம்பளத்துக்கு இவளும் செய்கிறாள்?

கேன்டீனில் பழைய பில் தாள்களை வாங்கி, முதுகுப் பக்கம் வெள்ளையாக இருந்தவற்றைச் சீட்டுகளாகக் கிழித்தாள். பிற்பகல் காட்சியின் இடைவேளையில் தேநீர்ப் பக்கம் போகாமல் வாசலில் நின்றாள். தெருவுக்கு இறங்கியவர்களிடம் ஒரே கேள்வி கேட்டாள்: "எந்த இடத்துல எழுந்தீங்க? ஏன்?" அறுபத்து மூன்று பேர் திரும்பி உள்ளே போகவில்லை. அவர்களில் நாற்பத்தொரு பேர் நின்று எழுதிக் கொடுத்தார்கள்.

காட்சி முடியும் நேரத்தில் கம்பெனி மேற்பார்வையாளர் வந்துவிட்டார். முடியில் ஜெல் தடவிய, எப்போதும் அவசரத்தில் இருக்கும் மனிதர்.

"என்ன மேடம் இது? பரீட்சைப் பேப்பர் வசூலிக்கிறீங்களா?"

"பாதியில போனவங்க கருத்து சார். அறிக்கையோட சேத்து அனுப்பணும்."

"பாதியில போனவனுக்கு என்ன கருத்து வேண்டிக்கெடக்கு? முழுசாப் பாத்தவன்தான் பார்வையாளன். அடிப்படையே மறந்துட்டீங்களா?"

"ஊசிப்போன சோத்தத் தட்டு வழிச்சித் தின்னாத்தான் ஊசிப்போச்சுன்னு சொல்லணுமா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பேய்ப் படத்துக்குப் போய் இவ்ளோ கோவமா? கற்பனைதானே மேடம்."

"பேய் கற்பனைதான் சார். பூட்டு கற்பனை இல்ல. பேய வச்சிக்கிட்டுப் பூட்ட எடுத்துட்டாங்க."

அவர் கைப்பேசியைத் தட்டி ஏதோ செய்தார். அவள் டேப்லெட் திரை இருண்டது. "நாளைக்கு வேற ஆள் நிப்பாங்க. நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டு, இருண்ட டேப்லெட்டை வாங்கிக்கொண்டு போனார். காலைக் காட்சியின் பதிவுகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. "ரசிகர்களின் பேராதரவு" என்ற விளம்பரம் மாலை ஐந்து மணிக்கே கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டது. 'சுமார்' என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

வீட்டில் அக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கதவுக்காரி சீட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் படித்தாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சத்தம் தாங்காமல் தலைவலி என்று எழுதியவர்கள் பதினாறு பேர். சலிப்பு என்றவர்கள் பன்னிரண்டு. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆறு பேர்.

"மிச்சம்?" என்றாள் அக்கா.

"ஏழு பேர். ஷட்டர் திறந்து கெடக்கிற காட்சியில எழுந்துட்டாங்க. ஒருத்தர் எழுதியிருக்காரு பாரு: 'நான் சரக்கு வண்டி ஓட்டுபவன். அந்த ஆலைக்குப் போயிருக்கிறேன். பூட்டைக் கண்ணால் பார்த்தவன்.'"

அக்கா அந்தச் சீட்டை வாங்கினாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி மறுபடி படித்தாள்.

"நாப்பத்தொண்ணுல ஏழுதான்கா. எனக்கே ஒரு மாதிரி இருக்கு. நெறைய இருக்கும்னு நெனச்சேன்."

"போடி இவளே. அன்னைக்கு ஒருத்தர்கூட இல்ல." அக்கா கையை நீட்டினாள். "காலி சீட்டு இருக்கா?"

கதவுக்காரி ஒரு சீட்டும் பேனாவும் கொடுத்தாள். அக்கா மடியில் தலையணையை வைத்து எழுதத் தொடங்கினாள். முதலில் ஒரு பெயர். அதன் கீழே, அந்தப் பெண் எந்த மெஷினில் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு வரி. பிறகு அடுத்த பெயர். நாலாவது பெயரில் சீட்டு நிரம்பிவிட்டது. தலை நிமிராமல் இன்னொன்று கேட்டாள்.