மேட்டில் நின்ற வண்டிக்கு ஒன்றரை லிட்டர்

பேருந்துப் பணிமனையில் அவருக்குச் சுண்டுவிரல் என்று பெயர். ஆள் ஆறடி. பெயர் தொழிலால் வந்தது. கியர் பெட்டியிலும், பின் அச்சின் நடுவே பானை போல் புடைத்திருக்கும் கிரவுன் பெட்டியிலும் எண்ணெய் அளவு பார்ப்பது அவர் வேலை. மூடியைத் திருகிக் கழற்றுவார், துவாரத்தில் சுண்டுவிரலை விடுவார், கண்ணை மூடிக்கொள்வார். எண்ணெய் துவாரத்தின் கீழ் விளிம்பைத் தொட்டு நின்றால் வண்டிக்கு ஆயுள் கெட்டி. எந்த ஓட்டுநர் கியரைக் கதறவிடுகிறார் என்று விரலை மோந்தே சொல்லிவிடுவார். சம்பந்தப்பட்டவர் அன்று முழுக்க அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

விரல் தவறியதில்லை. ஆகவே விரலின் சொந்தக்காரரும் தவறியதில்லை என்பது வீட்டில் அமலில் இருந்த சட்டம். சாவியை அவரே தொலைத்தாலும் குற்றம் பூட்டின் மேல்தான் பதிவாகும்.

மகளுக்குக் குழந்தை பிறந்த மறுநாள், மலைக்கு அந்தப் பக்கம் போகும் பேருந்தில் மனைவியை அவரே ஏற்றி உட்கார வைத்தார்.

"நானே ஆயில் பாத்த வண்டி. கண்ண மூடிட்டுத் தூங்கு."

"நீங்களும் கண்ண மூடிட்டுத்தானே பாத்தீங்க?" என்றார் மனைவி.

பேருந்து கிளம்பியது. அது நின்ற இடத்தில் அடுத்த வண்டி வந்து நின்றது. அதன் மூடியைக் கழற்றித் தரையில் வைத்தார். மூடி ஒரு விநாடி யோசித்துவிட்டு உருள ஆரம்பித்தது. உருண்டு உருண்டு வாசல்வரை போயிற்று. சுண்டுவிரல் குனிந்து தரையைப் பார்த்தார்.

வழக்கமான இடத்தில் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்ததால், அன்று வண்டிகளைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அந்த இடம் மேடு. வண்டியின் மூக்கு தூக்கி நின்றால் எண்ணெய் பின்னால் ஒதுங்கிவிடும், கிரவுன் பெட்டியின் முன்பக்கத் துவாரம் வறண்டு காட்டும். வறட்சியை நம்பி, மனைவி போகும் வண்டியாயிற்றே என்று பாசத்தோடு ஒன்றரை லிட்டர் ஊற்றியிருந்தார். மலையேறும் சூட்டில் அது பொங்கும், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலைத் தாண்டிச் சக்கரத்துக்குள் இறங்கும், பிரேக்கை நனைக்கும். மலை ஏறினால் இறங்கியும் ஆக வேண்டுமே.

ஓட்டுநருக்குப் போன் போட்டார். வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத உத்தமர் அவர். அன்றைக்குப் பார்த்தா உத்தமராக இருக்க வேண்டும்!

வாசல் காவலாளியின் ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டு, பேருந்து பத்து நிமிஷம் நிற்கும் மலையடி நிறுத்தத்தைப் பிடித்தார்.

"என்னண்ணே, இவ்வளவு தூரம்?" என்றார் ஓட்டுநர்.

"சும்மா... ஒரு தடவை பாத்துடலாம்னு."

"சும்மாவா? லேட்டானா நான் எழுதிக் குடுக்கணும்ணே. யாரு தப்புன்னு எழுத?"

ஜன்னல் வழியே மனைவியின் தலை வெளியே வந்தது. பின்னாலேயே நாற்பது தலைகள். சுண்டுவிரல் வண்டியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பழியைச் சிமெண்டு பூசியவன் மேல் போடலாம். ஆனால் அதை விளக்கி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

"என் தப்புன்னு எழுதுங்க. மேட்டுல வச்சு அளவு பாத்துட்டேன். கூடுதலா ஊத்திட்டேன்."

வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்தினார்கள். எண்ணெய் பிடிக்கப் பாத்திரம் இல்லை. பேரனைக் குளிப்பாட்ட வாங்கிய ரோஸ் நிறத் தொட்டியை மனைவியே இறக்கிக் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் எண்ணெயில் பாதி தொட்டிக்கும், பாதி அவர் சட்டைக்குமாகப் பங்கு பிரிந்தது. வடிந்து நின்றதும் விரலை விட்டார். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். எண்ணெய் விளிம்பில் நின்றது.

வெளியே தவழ்ந்து வந்தவரின் முகத்தை மனைவி பழைய துணியால் துடைத்துவிட்டார்.

"ஏங்க, ஓட்டுநர்கிட்ட என்னமோ சொன்னீங்களே?"

"என் தப்புன்னு சொன்னேன்."

"ஒரே சத்தம், சரியா விழல."

"என் தப்புதான்மா!"

நாற்பது தலைகளுக்கும் நன்றாக விழுந்தது. மூன்றாவது தடவை கேட்பதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டார்.