பீரங்கி ஒட்டாத போர்க்கப்பல்

மகன் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறான். அந்தப் பசை நெடி என்னை அறுபதுகளில் நாங்கள் இருந்த மாட்டுங்கா வீட்டுக்கு இழுத்துப் போனது.

கப்பலில் வேலை பார்த்த மாமா எனக்கு இத்தாலியப் போர்க்கப்பல் மாடல் ஒன்று தந்திருந்தார். பீரங்கிகளை ஒட்டுவது மட்டும்தான் பாக்கி. அன்றைக்கென்று சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு கப்பல், பீரங்கி, பசை எல்லாவற்றையும் அம்மா பூஜையில் வைத்துவிட்டாள்.

"பசை தொறந்திருக்கும்மா, காஞ்சுடும்!"

"சாமிக்கு வெச்சாச்சு. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடு."

பூனை மாதிரி சுற்றிச்சுற்றி வந்தேன். சுண்டலுக்கு வந்த எதிர்வீட்டு மாமி குனிந்து பார்த்தாள்.

"பீரங்கியே இல்லையேடா?"

"சமத்துக் கப்பல், மாமி. சண்டைக்குப் போகாது" என்றாள் அம்மா.

மறுநாள் பசை கல்லாகியிருந்தது. சோற்றுப் பருக்கையால் பீரங்கிகளை ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் எறும்புகள் கப்பலைப் பிடித்துவிட்டன.

இந்த வீரகதையைச் சொல்லப் போனால் மகன் நிமிராமலே, "அப்புறம்பா, பசை காயறது" என்கிறான்.