டூட்டிங்கில் ஒரு குளிர் ஒத்திகை

மனைவிக்கு அமெரிக்காவில், மினியாபொலிஸில் வேலை கிடைத்த அன்று நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்கை தேங்காய் என்ன விலை?" என்பது. சரியான மடையனைக் கட்டியிருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். இருதய வால்வு செய்கிற கம்பனி ஒன்று அவளைத் தேடிப்பிடித்துக் கூப்பிடுகிறது. குடும்பத்துக்கே விசா, போய் இறங்க வீடு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் தேங்காய் விலை விசாரிக்கிறேன். உண்மையில் எனக்குக் கேட்க இருந்தது வேறு. அது வாயில் வரவே இல்லை.

திங்கட்கிழமை அவள் பதில் எழுத வேண்டும். நான் ஓம் என்று சொல்லாமல் எழுதமாட்டேன் என்றுவிட்டாள். அந்த வாரம் முழுக்க நான் நொண்டிச் சாட்டாகத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே ஆளாளுக்குத் துவக்கு வைத்துச் சுடுகிறான் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டை விற்க வேண்டிவரும் என்றேன். பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்ன ஆவது என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில் அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு என்னதான் பிரச்சினை? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்."

"குளிர்," என்றேன்.

சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் குற்றமில்லை. அவள் வளர்ந்தது நோர்வேயின் வடக்கே, கடலோரச் சின்ன ஊர் ஒன்றில். அவளுடைய அப்பா அங்கே மீன் பக்டரியில் வேலை செய்தவர். குளிர் என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டுச் சறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதும், மூக்கு நுனி சிவப்பதும்தான். "லண்டன் ஈரத்திலை இருமிக்கொண்டு கிடக்கிறதைவிட அது எவ்வளவோ திறம்," என்றாள்.

நான் சொன்ன குளிர் அவளுக்குத் தெரியாது. இந்த நாட்டுக்கு நான் வந்தது ஒரு குளிர்சாதன லொறியின் பின்பெட்டிக்குள். அப்போது எனக்கு இருபது வயது. லொறியில் வந்தது அவளுக்குத் தெரியும். இலங்கையை விட்டு ஓடின எங்கள் ஆட்களில் பாதிப்பேர் லொறியில் வந்தவர்கள்தானே. "லொறியிலை வந்தனான்" என்றால், பஸ்ஸில் வந்ததுபோலத் தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவோம். லொறிக்குள் என்ன ஏற்றியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் லொறியில் பட்டர் இருந்தது. தலைக்கு மேலே காற்றாடி நிற்காமல் இரைந்தது. கதவுக்கு உள்பக்கம் கைபிடி இல்லை. தட்டினோம். கை மரத்துப்போகும்வரை தட்டினோம். இடது காலில் இரண்டு விரலுக்கு இன்றைக்கும் உணர்ச்சி கிடையாது. சப்பாத்து கடித்தது என்று மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து என்னால் மூடின இடத்தில் குளிரைத் தாங்க ஏலாது. வெறும் குளிரைத் தாங்குவேன். பனி கொட்டும்போது பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். பெட்டிக்குள் அடைத்த குளிர்தான் ஆகாது. அதனால் மாரியில்கூடக் கார்க் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்துத்தான் ஓட்டுவேன். பின்னால் பிள்ளைகள் கத்துவார்கள், மனைவி ஏசுவாள். மூடமாட்டேன். எனக்குப் பிடிவாதம் என்று வீட்டில் பெயர்.

இந்த லட்சணத்தில் நான் வேலை செய்வது தெற்கு லண்டனில், டூட்டிங்கில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில். கடைக்குப் பின்னால் ஒரு அறை அளவு பிறீசர். விளைமீன், கணவாய், மரவள்ளிக்கிழங்கு, துருவின தேங்காய்ப்பூ எல்லாம் அதற்குள். நான் வான் ஓட்டுகிறவன். பிறீசர்ப் பெட்டிகளை மற்றவர்கள் வெளியே எடுத்துத் தருவார்கள், நான் ஏற்றுவேன். "மாப்பிள்ளைக்குக் குளிர் ஆகாதாம், சால்வை ஒண்டு குடுங்கோடா," என்று முதலாளி அண்ணை பகிடி பண்ணுவார். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குத் தடித்த பனி ஜக்கெற்றுகள் வந்து சேர்ந்தன. "ஓம் எண்டாலும் இல்லையெண்டாலும் திருப்பி அனுப்பலாம், போட்டுப் பாக்கட்டும்," என்று மனைவி வாங்கியிருந்தாள். நோர்பரியில் எங்கள் முன்னறையில், ஹீற்றர் சுட்டுக்கொண்டிருக்க, இரண்டு பிள்ளைகளும் அவற்றைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. மகளால் இரண்டு கையையும் கீழே இறக்க முடியவில்லை. நெற்றியால் வியர்வை வழிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வாரத்தில் அதுதான் என் முதல் சிரிப்பு.

"உதைப் போட்டுப் பாக்கிறதெண்டா லண்டனிலை எங்கை குளிர்?" என்ற மனைவி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "உங்கட கடைப் பிறீசர் மைனஸ் பதினெட்டுத்தானே? மினியாபொலிஸிலை தை மாதம் அவ்வளவுதான் இருக்கும். வாங்கோ, பிள்ளையளைக் கொண்டுபோய்ப் பாப்பம்."

"விசர்க்கதை கதையாதையும். அண்ணை விடமாட்டார்," என்றேன். அதற்குள் அவள் அண்ணைக்குப் போன் எடுத்துவிட்டாள், அதுவும் எல்லாருக்கும் கேட்கும்படி.

"வாங்கோ தங்கச்சி, வாங்கோ! எங்கட பிறீசரிலை பாஸ் பண்ணினாத்தான் அமெரிக்காக்காரன் விடுவான்," என்று அண்ணை கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். பிள்ளைகள் துள்ளினார்கள். அதற்கு மேல் நான் எதைச் சொல்லித் தடுப்பது?

ஸ்ட்ரெத்தம் வழியாகப் போனோம். மழை தூறியது. "கண்ணாடியை மூடுங்கோப்பா, பிள்ளையளுக்குச் சளி பிடிக்கும்," என்று மனைவி சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இப்போதே சொல்லிவிடு, இந்தச் சிவப்பு விளக்கில் சொல்லிவிடு, அடுத்ததில் சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அவள் உடனே வேலையை வேண்டாம் என்றுவிடுவாள். படித்துப் படித்து, இரண்டு பிள்ளையையும் பெற்று, இரவு பகலாகக் காத்திருந்து அவளுக்குக் கிடைத்தது என் ஒரு சொல்லில் போய்விடும். சொல்லாமல் ஓம் என்றால் நான் அங்கே போய் எப்படிச் சீவிப்பேன்? இரண்டுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

பிறீசர்க் கதவு நல்ல தடிப்பு. அண்ணை அதை இழுத்துத் திறந்ததும் வெள்ளைப் புகை காலடியில் ஓடியது. மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மகன் பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே காற்றாடி இரைந்தது. அதே இரைச்சல்.

"டேய் தம்பி, கதவைச் சாத்தடா! கரண்ட் பில் ஆர் கட்டுறது, உன்ர மாமனாரோ?"

"இருக்கட்டும் அண்ணை."

"என்ன இருக்கட்டும்? மீன் உருகப்போகுது!" அண்ணை பகிடியாக என் கையைத் தட்டிவிட்டுக் கதவைத் தள்ளினார். ரப்பர் விளிம்பு போய் ஒட்டிக்கொண்டது.

பிறகு உள்ளிருந்து டொம் டொம் என்று கேட்டது. சின்னக் கைகள். "அப்பா! அப்பா!" என்று மகனின் குரல். அந்தத் தடிப்புக் கதவுக்கு அப்பாலிருந்து வந்தால், பிள்ளை சிரிக்கிறதா அழுகிறதா என்று விளங்காது.

அண்ணையை நான் எப்போது தள்ளினேன் என்று தெரியாது. மனிதர் வெங்காய மூட்டைகளின் மேல் போய் இருந்துவிட்டார். கதவை இழுத்துத் திறந்து, மகனைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தேன். "தட்டாதை! இனி எந்தக் கதவிலையும் உள்ளுக்கு நிண்டு தட்டாதை! விளங்குதோ?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, பிறகு உதடு நடுங்க அழத் தொடங்கினான்.

மனைவி மகளோடு வெளியே வந்தாள். "உங்களுக்கு விசரோ? பிள்ளை விளையாடினவன்!"

"நாங்களும் உப்பிடித்தான் தட்டினனாங்கள்," என்றேன். நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். பட்டர், காற்றாடி, கைபிடி இல்லாத கதவு, கால்விரல், எல்லாவற்றையும். அழகாக ஒன்றும் சொல்லவில்லை, திக்கித் திக்கி, கோபமாக, அவள்தான் என்னைப் பூட்டியவள்போல அவளைப் பார்த்துச் சொன்னேன். அண்ணை மூட்டையில் இருந்தபடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி மகனின் தலையைத் தடவினார்.

மனைவி மகளைக் கீழே இறக்கிவிட்டாள். பிறகு, "இத்தனை வருஷமா..." என்று தொடங்கி நிறுத்தினாள். "வேண்டாம். வீட்டை போவம், வாங்கோ. அந்த வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

இதற்குத்தான் நான் பயந்தது. அவள் முகத்தில் கோபம் துளிகூட இல்லை. அதைப் பார்க்க எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. மகளோ இதெல்லாம் ஒன்றும் விளங்காமல், அந்தப் பெரிய ஜக்கெற்றோடு வாசலில் நின்று என் விரலைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, பெரிய மீன் இருக்கு. வாங்கோ, காட்டுறன்."

போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவளுடைய கையுறைக்குள் இருந்த அந்தச் சின்னக் கையை உதறிவிட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். மனைவியும் மகனை அணைத்துக்கொண்டு கூடவே வந்தாள். "சாத்துங்கோ அண்ணை," என்றேன். "டேய், வேண்டாமடா," என்றார் அண்ணை. "சாத்துங்கோ."

சாத்தினார். மகள் ஒரு பெட்டியைக் காட்டி ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. என் கண் முழுக்கக் கதவில் இருந்த பச்சைக் குமிழில்தான். உள்ளே மாட்டிக்கொண்டால் அதைத் தள்ளித் திறக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தந்தது. தலைக்குத் தெரிந்து என்ன, கைக்குத் தெரியாதே. ஓடிப்போய்த் தள்ளினேன். கதவு அசையவில்லை.

இன்னொரு முறை தள்ளினேன். அசையவில்லை. கை தானாகவே முட்டியாகி உயர்ந்தது, தட்டுவதற்கு.

"பொறுங்கோ," என்றாள் மனைவி. மிக மெதுவாகச் சொன்னாள். "இப்பதானே சாத்தினது. உள்ளுக்குப் போன சூடான காத்துச் சுருங்கிக் கதவை இழுத்துப் பிடிக்கும். கொஞ்ச நேரத்திலை விட்டிடும். எங்கட அப்பாவின்ர பக்டரியிலையும் இப்பிடித்தான். மூச்சை விடுங்கோ. இன்னொருக்கா விடுங்கோ. ம்... இப்ப தள்ளுங்கோ."

தள்ளினேன். கதவு திறந்தது. வெளியே அண்ணை கைபிடியைப் பிடித்தபடி, பேயறைந்த முகத்தோடு நின்றார்.

என் பயம் அத்தோடு போய்விட்டது என்று எழுதினால் அது பச்சைப் பொய். வெளியே வந்து வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் குந்தி அழுதேன், பிள்ளைகளுக்கு முன்னாலேயே. அண்ணை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அவர் பிறகு ஒருநாளும் சால்வைப் பகிடி விடவில்லை.

வீட்டுக்குத் திரும்புகையில், ஸ்ட்ரெத்தம் தாண்டும்போது மகன் இங்கிலீசில் கேட்டான், அந்த லொறிக் கதவைக் கடைசியில் திறந்தது யார் என்று. அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

"ஒரு பொம்பிளை," என்றேன். "மஞ்சள் ஜக்கெற் போட்டிருந்தவ. வெள்ளைக்காரி. எங்களைக் கண்டதும் அழுதிட்டா."

"பிறகு?"

"பிறகென்ன. நாங்கள் எல்லாரும் இறங்கி முடியும்வரைக்கும் கதவைப் பிடிச்சுக்கொண்டே நிண்டவ. காத்துக்கு அது சாத்தப்பட்டிடுமெண்டு."

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சத் தூரம் போனபின், "நாளைக்கு ஏலாது எண்டு எழுதிறன்," என்றாள்.

"இல்லை. ஓம் எண்டு எழுதும்."

"எனக்காகச் சொல்லாதையுங்கோ."

"உமக்காகத்தான் சொல்லுறன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. பயத்தோடையே வாறன். அங்கை கதவு இறுகினா, பொறுங்கோ எண்டு சொல்ல நீர் பக்கத்திலை இருப்பீர்தானே."

பின்னாலிருந்து மகள் சிணுங்கினாள். "அப்பா, குளிருது. ஜன்னலை மூடுங்கோ."

வழக்கம்போல இப்போது ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். "ஜக்கெற்றைப் போடுங்கோ, குஞ்சு," என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, மனைவி தன் பக்கக் கண்ணாடியையும் இறக்கினாள்.