மூன்று அலுவலகங்களும் ஒரு லாஞ்சும்

யுத்தம் முடிந்ததும், ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். ஊனத்தோடு திரும்பிய பட்டாளத்துக்காரர்களுக்கு வைத்தியம், செயற்கைக் கால், வேலை எல்லாவற்றுக்கும் சர்க்காரில் ஏற்பாடு உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இலாகாவின் கையில். அவற்றை இணைத்து நடத்துவது என் பொறுப்பு.

திரேஸ்புரத்துக்காரர் ஒருவர் வந்தார். பர்மாக் கரையோரம் கடற்படைப் படகில் எஞ்சின் பார்த்தவர். குண்டுவீச்சில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பூனாவில் செயற்கைக் கால் பொருத்தியிருந்தார்கள். துறைமுகத்தில் ஓடும் சிறு மோட்டார் படகான லாஞ்சில் எஞ்சின் வேலை கேட்டார். துறைமுக எஞ்சினியர், டாக்டர் சான்று வேண்டும் என்றார். டாக்டரோ, வேலை இன்னதென்று பார்க்காமல் எப்படிச் சான்று தருவது என்றார். வேலைவாய்ப்பு அதிகாரி பஞ்சாலையில் வாட்ச்மேன் வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்துவிட்டார். மூவரும் நல்லவர்கள்தான், ஒருவரோடொருவர் பேசியதே இல்லை.

எழுதிக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது என்று மூவரையும் நேரில் போய் அழைத்தேன். ஒரு நாள் காலையில் லாஞ்சு கட்டும் படகுத்துறையில் கூடினோம். வெயிலில் நிறுத்திவிட்டேன் என்று டாக்டருக்கு என்மேல் கோபம்.

"வாட்ச்மேன் வேலைய நான் குறை சொல்லலம்மா," என்றார் திரேஸ்புரத்துக்காரர். "எஞ்சினு எனக்குப் பழகுன வேல. எறங்கிக் காட்டுதேன், பாத்துட்டுச் சொல்லட்டும்."

லாஞ்சுக்கு இறங்கும் ஏணி ஈரமாக இருந்தது. பாதி இறங்கியதும் செயற்கைக் கால் வழுக்கி, கைகளில் தொங்கினார். அவர் சமாளித்து இறங்கி, எஞ்சினைக் கிளப்பி, லாஞ்சை வெளியே கொண்டுபோய்த் திரும்பி வந்தார். ஆனாலும் அந்த வழுக்கலோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

டாக்டர் அந்தக் காலைக் கழற்றச் சொல்லி, அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது தெருவுல நடக்கறதுக்குச் செஞ்ச கால், ஈரத்துல பிடிக்காது. அடியில ரப்பர் வெச்ச மரக்கால்தான் இவருக்குச் சரி. அதைப் போட்டுட்டு வரட்டும், நான் கையெழுத்துப் போடறேன்."

ஏணிக்குக் கைப்பிடி வைத்துத் தருவதாக எஞ்சினியர் சொன்னார். வாட்ச்மேன் வேலையை வேறொருவருக்குக் கொடுப்பதாக அதிகாரியும் ஒப்புக்கொண்டார். மரக்கால் வந்ததும் திரேஸ்புரத்துக்காரர் லாஞ்சில் சேர்ந்துவிட்டார்.

மாதாமாதம் இப்படிக் கூடிப் பேச அனுமதி கேட்டுச் சென்னைக்கு எழுதினேன். அப்படி விதி இல்லை என்று பதில் வந்தது. கூடாது என்றும் விதி இல்லையே என்று நான் நடத்தினேன். அடுத்த கூட்டத்துக்கு விளாத்திகுளத்திலிருந்து பார்வை இழந்த ஒருவர் வந்தார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன வேலைக்கு ஆசை என்று முதலில் கேட்டவர் டாக்டர்தான்.